கப்பல் வராத துறைமுகத்தில் ஒரு நாள்

"ஒரு நாள், ஒரு துறைமுகப் பட்டினம், நான் தனியாக" என்று யூடியூபில் ஒரு தனி ரகமே இருக்கிறது. கரீபியன் தீவுகள்தான் இதுக்குப் பேர்போன இடம். காலையில் சொகுசுக் கப்பல் வந்து நிற்கும். முதுகில் பையோடு ஒருவர் இறங்குவார். மஞ்சளும் நீலமும் பூசிய வீடுகள், பழைய கோட்டை, பொரித்த மீன், வெள்ளை மணல், கமராவைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு கிழவர். பின்னேரம் கப்பல் ஊதும், வீடியோ முடியும். விடுதியில் சோறு தின்னும்போது இதுகளைப் பார்க்கிற ஆள்தான் நானும். பிரச்சினை என்னவெண்டால், இந்த அச்சு இப்ப அப்படியே எங்கட பக்கமும் வந்திட்டுது. ஒலுவிலைப் பற்றி வாற பயண வீடியோக்களில் வெளிச்சவீடு, கடல், மேலே ஒரு ட்ரோன், கீழே பாட்டு, அதோட "யாருக்கும் தெரியாத அழகிய இடம்" எண்டு ஒரு தலைப்பு. யாருக்குத் தெரியாது? இது சனம் குடியிருக்கிற ஊர்.

ஒலுவிலுக்குத் தனியா வாங்க, ஒரு நாள் முழுக்கச் சுற்றுங்க. அதுக்கு நான் எதிரி இல்லை. ஆனா அந்த அச்சை வைத்துக்கொண்டு இந்த ஊரைப் பார்க்க முடியாது. இங்கே துறைமுகம் இருக்கு, கப்பல் இல்லை. ஏன் இல்லை என்பதைக் காலால் நடந்தே பார்க்கலாம். பார்க்க வேண்டியதும் அதுதான்.

கல்முனையில் அக்கரைப்பற்றுப் பக்கம் போற பஸ்ஸில் ஏறினால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டி ஒலுவில். அறுகம்பைக்குப் போற வெள்ளைக்காரரும் இதே றோட்டால்தான் போவார்கள். அவர்கள் இங்கே இறங்குவதில்லை. நீங்க இறங்குங்க. இறங்கினதும் தேத்தண்ணிக் கடையொன்றில் ரொட்டியும் மீன் ஆணமும் கேளுங்க. வெள்ளிக்கிழமை வாறதெண்டால் ஜும்ஆ நேரம் கடைகள் பூட்டியிருக்கும், அதுக்கு முந்தியே சாப்பிட்டுக்கொள்ளுங்க. பிறகு கிழக்கே கடல் பக்கம் நடந்தால் முதலில் கண்ணில் படுவது வெளிச்சவீடு. ஒரு வேடிக்கை சொல்றன், இந்த ஊருக்குத் துறைமுகத்துக்கு முன்னமே வெளிச்சவீடு வந்திட்டுது. வராத கப்பலுக்கு வழி காட்டிக்கொண்டு பல வருஷம் அது தனியா நின்றது.

இரண்டும் ஒரே கனவின் பிள்ளைகள். 1994இல் துறைமுக அமைச்சரான எம்.எச்.எம். அஷ்ரபின் கனவு அது. நான் படிக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அவரது முயற்சியில்தான் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த வருஷம் பல்கலைக்கழகமானது. யுத்தத்தால் படிப்பு இடைநடுவில் நின்றுபோன பிள்ளைகளுக்கு ஒரு இடம், இந்தக் கரைக்கு ஒரு துறைமுகம். 2000 செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மௌத்தானார். பல்கலைக்கழகம் வளர்ந்தது. துறைமுகம் 2008இல்தான் கட்டத் தொடங்கினார்கள், டென்மார்க் வழியாகக் கிடைத்த சுமார் 46 மில்லியன் யூரோ கடனில். 2013 செப்டம்பர் 1 அன்று அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ திறந்து வைத்தார். சரக்குக் கப்பலுக்கு ஒரு பக்கம், மீன்பிடிப் படகுக்கு இன்னொரு பக்கம் என்பது திட்டம். சரக்குக் கப்பல் பக்கம் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. மீன்பிடிப் பக்கம் கொஞ்சக்காலம் உயிரோடு இருந்தது, பிறகு வாசலை மண் அடைக்கத் தொடங்கியது.

இந்த மண் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனெண்டால் மிச்சம் எல்லாம் இதற்குள்தான் இருக்கு. எங்கட கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. அலை கரைக்குச் சரிவாக வந்து அடிக்கிறதால் மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். வருஷக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காகப் போவதுதான் கூட. ஒரு கரையில் இருந்து போகிற மண்ணுக்குப் பதில் தெற்கிலிருந்து புது மண் வரும், கரை அப்படியே நிற்கும். இதற்குக் குறுக்கே கடலுக்குள் கல்லால் அலைதடுப்புச் சுவர் போட்டால் என்ன நடக்கும்? தெற்குப் பக்கம் மண் குவியும். சுவரைச் சுற்றி வருகிற மண் துறைமுக வாசலில் படியும். வடக்குப் பக்கத்துக்கு மண் வராது. ஆனா வடக்கில் இருக்கிற மண்ணை அலை வழமைபோலக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும்.

அதனால் வீடியோக்காரர் நிற்கிற இடத்தில் நிற்க வேண்டாம். தெற்குப் பக்கம் விசாலமான மணல்வெளி, படத்துக்கு நல்லாத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வடக்கே போங்க. துறைமுகத்துக்குள்ளால் நினைத்தபடி போக முடியாது, அனுமதி வேணும், வெளியால் சுற்றித்தான் போகவேண்டும். அங்கே மணலுக்குப் பதில் கடலைத் தடுக்கக் கொட்டிய கருங்கல். வேர் வெளியில் தெரிகிற தென்னை. வலை இழுக்கவும் தோணி ஏற்றவும் இருந்த கரை சில இடத்தில் ஒரு ஆள் நடக்கிற அகலம்கூட இல்லை. கரைவலைக்காரனுக்குக் கரைதான் காணி, தொழிற்சாலை எல்லாம். அது போனால் கடல் மட்டும் மிஞ்சி என்ன?

சில வருஷங்களுக்கு முன் இந்த மண்ணால் ஊருக்குள் இரண்டு பக்கம் உண்டானது. படகுக்காரர் வாசல் மண்ணைத் தோண்டச் சொல்லிப் போராடினார்கள். கரையோரத்தில் காணியும் தொழிலும் இழந்தவர்கள், எங்கட கரைக்கு ஒரு முடிவு சொல்லாமல் துறைமுகத்தைத் திருத்த வேண்டாம் எண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது மீனவர் சண்டை. என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் ஒரே மண்ணைத்தான் கேட்டது. வாசலை அடைத்துக் கிடக்கிற மண், வடக்குக் கரைக்கு வந்து சேராமல் போன மண்தான். அதைத் தோண்டி வடக்கே கொட்டுவது, ஒரு தடவை இல்லை, துறைமுகம் இருக்கும் வரைக்கும் கொட்டிக்கொண்டே இருப்பது. உலகத்தில் இப்படிப்பட்ட துறைமுகங்களில் செய்கிற வேலைதான் இது. அதற்கான செலவைத் திறப்பு விழா நாளிலேயே கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

கரீபியனுக்கே திரும்பவும் ஒருக்காப் போய் வருவோம். அன்டிகுவா தீவின் தலைநகர் சென் ஜோன்ஸும் துறைமுகப் பட்டினம்தான். அங்கே 1949இல் பிறந்த எழுத்தாளர் ஜமைக்கா கின்கெய்ட் 1988இல் 'எ ஸ்மோல் பிளேஸ்' எண்டு ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். வந்திறங்குகிற சுற்றுலாப் பயணியை முன்னால் இருத்தி, "நீ" எண்டு கூப்பிட்டு, நீ பார்க்கிற அழகுக்குப் பின்னால் என்ன இருக்கு தெரியுமா என்று கேட்கிற புத்தகம். 1974 நிலநடுக்கத்தில் சேதமான ஊர் நூலகத்தில், திருத்த வேலை நடக்க இருப்பதாகச் சொல்லும் பலகை பத்து வருஷத்துக்கு மேலாகத் தொங்குவதை அவர் எழுதும் இடத்தை வாசித்தபோது எனக்கு வேறெந்த ஊரும் ஞாபகம் வரவில்லை. கப்பலில் வந்தவர் அந்தக் கட்டடத்தைப் பழமை எண்டு படம் பிடிப்பார். எங்கட வடக்குக் கரையில் சரிந்து கிடக்கிற தென்னையில் ஏறியிருந்து செல்ஃபி எடுக்கிறவர்களும் அதே ஆட்கள்தான்.

"தனியாக" என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்கவேணும். முதுகுப்பையோடு ஒரு வெளிநாட்டுப் பொம்புள தனியா நடந்தால் அது பயணம். எங்கட புள்ள ஒருத்தி அதே கரையில் தனியா நடந்தால் மோட்டார்சைக்கிள் நிற்கும். "யார்ர புள்ள மகள் நீங்க? எங்க போறீங்க?" எனக்கும் நின்றது, ஒரு நாளில் மூன்று தரம். முதல் இரண்டும் எரிச்சல்தான், அதை மறைக்கப்போவதில்லை. மூன்றாவதாக நின்ற வயசாளியிடம், கெம்பஸில் படிக்கிறன், கரையைப் பார்க்க வந்தன் எண்டன். அவர் மோட்டார்சைக்கிளை நிற்பாட்டிவிட்டு இறங்கி வந்து, கடலுக்குள் கையைக் காட்டினார். "அந்தா அலை உடையுதே மகள், அதுலதான் எங்கட உம்மாட தென்னந்தோட்டம்." எந்த ட்ரோனாலும் அதைப் படம் பிடிக்க முடியாது, அங்கே இப்ப தண்ணி மட்டும்தான் இருக்கு. உங்களை மறித்து யாரெண்டு கேட்கிற ஊரில் நீங்களும் திருப்பிக் கேட்கலாம் என்பது அண்டைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதுக்காக அந்த மறிப்பு சரியெண்டு ஆகாது. பொடியன்மாரை ஒருத்தரும் மறிப்பதில்லையே.

இதை நண்பர்களிடம் சொன்னபோது ஒருத்தன் கேட்டான்: "மச்சி, இப்பிடி அழுகையா எழுதினா யார் வருவான்? நாலு பேர் வந்தாத்தானே கடையில யாவாரம் நடக்கும்?" நியாயமான கேள்வி. அறுகம்பையில் கடலை நம்பி எத்தனை குடும்பம் சாப்பிடுது என்று நமக்குத் தெரியும். ஆனா அழகு மட்டும் எழுதினால் யாருக்கு வசதி? கரை நன்றாக இருக்கு எண்டு நாம் ஆயிரம் வீடியோ போட்டால், கரை போச்சு எண்டு சொல்கிற கரைவலைக்காரன்தான் பொய்க்காரன் ஆவான். நாலு வருஷம் இங்கே படித்துவிட்டு, ஒரு தரமும் வடக்குப் பக்கம் போகாமல் பட்டத்தோடு ஊருக்குப் போகிறவர்கள் எங்கட பீடத்திலேயே நிறையப் பேர். அவர்களும் வரவேணும் எண்டுதான் இதை எழுதுறன்.

ட்ரோன் வைத்திருக்கிறவர்கள் ஒரு வேலை செய்யலாம். வெளிச்சவீட்டை மட்டும் சுற்றாமல், அனுமதி எடுத்துக்கொண்டு அலைதடுப்புச் சுவருக்கு மேலே நிறுத்தி, முதலில் தெற்கையும் பிறகு வடக்கையும் ஒரே ஷொட்டில் காட்டுங்க. பாட்டு வேண்டாம். மாரி காலத்தில் ஒருதரம், கடல் அடங்கின பிறகு ஒருதரம் என்று ஒரே இடத்தை எடுத்தால் இன்னும் நல்லம், இரண்டுக்கும் இடையில் எவ்வளவு போயிருக்கு என்று அளந்து பார்க்கலாம். வடக்குப் பக்கம் நடக்கிறவர்கள் நல்ல செருப்புப் போட்டு வாங்க, அந்தக் கல் வழுக்கும். கல்முனைக்குப் போற பஸ் பின்னேரம் நிறைந்துதான் வரும், நின்றுகொண்டே போகவேண்டி வரலாம்.