ஐரோப்பாவுக்குக் குழுவோடு போகிறீர்களா? இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்!



சென்ற முறை கூழ்வடாம் பிழிவதைப் பற்றி எழுதினேன். இந்த முறை ஐரோப்பா! "வரிச்சிக்குடிக்காரிக்கு வந்த வாழ்வைப் பாரேன்" என்று சிரிக்காதீர்கள். எங்கள் காரைக்கால் பக்கத்தில் பிரான்ஸ் ஒன்றும் அந்நியச் சமாசாரம் இல்லை. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்ட குடும்பங்கள் நிறைய. என் பெரியம்மாவும் ஒரு 'சொல்தா'வைக் கட்டிக்கொண்டு பாரீஸ் போனவர்தான். இப்போது வயது எண்பது. கடைசியாக வந்தது என் கல்யாணத்துக்கு. இனிமேல் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

என் நாத்தனார் பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்றவர். "பதினாலு பேர், பதினோரு நாள், ஐந்து நாடு. நீயும் வா" என்றார். நகைச்சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு, 2025 ஜூனில் கிளம்பிவிட்டேன். பாரீஸ், பிரஸ்ஸல்ஸ், கொலோன், லூசர்ன், வெனிஸ், ரோம். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் விசா. ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் இந்த ஐந்து நாட்டுக்கும் போதும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். முதல் தடவை என்றால் கைரேகை வைக்க நாமே நேரில் போகவேண்டும். லண்டன் இந்த விசாவில் சேராது. சுவிட்சர்லாந்து சேரும், ஆனால் அங்கே பணம் யூரோ இல்லை, பிராங்க்.

அடுத்தது பெட்டி. பெரியம்மாவுக்கென்று வெண்ணெய் காய்ச்சி, மணக்க மணக்க நெய் எடுத்து வைத்திருந்தேன். "அங்கே பால் பண்டம், இறைச்சி எதையும் விடமாட்டார்கள்" என்று தெரிந்தவர் சொன்னதும் மனசே விட்டுப்போச்சு. நெய், பால்கோவா, பால்பவுடர் எதுவும் கூடாது (கைக்குழந்தைக்கான பால்பவுடருக்கு மட்டும் விலக்கு உண்டு). மாம்பழம், கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் வேண்டும். ஆனால் மீனுக்கு அனுமதி உண்டு! நெத்திலிக் கருவாட்டை ஐந்து சுற்று பிளாஸ்டிக் தாளில் கட்டி, டப்பாவில் போட்டு, ஒட்டி எடுத்துப் போனேன். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல் எல்லாம் தாராளமாகக் கைகொடுக்கும். ஓட்டலில் காலையில் ரொட்டி, வெண்ணெய், பழம்தான். மூன்றாம் நாளே நாக்கு காரம் கேட்கும்.

மாத்திரைகளைக் கைப்பையில், டாக்டர் சீட்டோடு வையுங்கள். பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை நிற்கக்கூடாது அல்லவா? விமானத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் கால் வீங்கும், ரத்தம் கட்டவும் கூடும். அவ்வப்போது எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

புதுச் செருப்பு போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். அங்கே பஸ் கோவில் வாசல் வரை வராது. எங்கேயோ இறக்கிவிடுவார்கள், கல் பாவிய தெருவில் நடக்கவேண்டும். பழகிய ஷூவும் பருத்திச் சாக்ஸும்தான் சரி. கொலோன் மாதா கோவில் கோபுரத்துக்கு 533 படி. அண்ணி ஏறினார், முழங்கால் வலிக்காரி நான் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். டிட்லிஸ் பனிமலை 3,000 மீட்டருக்கு மேல். ஜூனிலும் ஸ்வெட்டர் வேண்டும். மூச்சிறைப்பு, இருதயக் கோளாறு உள்ளவர்கள் இங்கேயே டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழிப்பறைக்குச் சில்லறை அவசியம். பல இடங்களில் அரை யூரோ, ஒரு யூரோ கேட்பார்கள். உள்ளே தண்ணீர் இராது, காகிதம்தான். ஒரு சின்ன பாட்டில் பையில் இருக்கட்டும். குடிக்கக் குழாய்த் தண்ணீரே நல்லது. ரோமில் தெருவுக்குத் தெரு குடிநீர் ஊற்று உண்டு. பாரீஸில் ஜூன் மாதம் இரவு பத்து மணிக்குத்தான் பொழுது சாயும். வெளிச்சத்தை நம்பினால் தூக்கம் கெடும், கடிகாரத்தைப் பாருங்கள்.

பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு எடுத்தே ஆகவேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருவர் கடையில் பத்து நிமிஷம் தாமதித்தால், அதை வேகமாக ஓட்டி ஈடுகட்ட முடியாது. பதினாலு பேருக்கும் ஒரு இடம் போச்சு! எங்கள் குழுவில் இரண்டு முறை முகச்சுளிப்பு வந்தது இதனால்தான்.

இனி முக்கியமான விஷயம். அட்டவணையில் "மூன்றாம் நாள் ஓய்வு" என்று போட்டிருந்தது. அன்றுதான் பெரியம்மாவைப் பார்ப்பதாக ஏற்பாடு. அங்கே போனபிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு எல்லோரும் வெர்சாய் அரண்மனைக்குப் போவதாகத் திட்டம், அதற்குத் தனிப்பணமும் எங்களிடம் முன்பே வாங்கியாகிவிட்டது என்று. "தனியாக விட முடியாதும்மா" என்றார் வழிகாட்டி. எனக்குத் தொண்டையை அடைத்தது. அண்ணிதான், "அரண்மனை எங்கேயும் போகாது. பெரியம்மாவுக்கு எண்பது வயசு" என்றார். பணம் போனால் போகட்டும் என்று, எங்கள் பொறுப்பில் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

லா ஷாப்பெல் தெருக்களில் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக, முருங்கைக்காய் முதல் புடவை வரை. அங்கே 1985 முதல் மாணிக்க விநாயகர் ஆலயமும் இருக்கிறது. கருவாட்டோடு கோவிலுக்கு எப்படிப் போவது? ஒரு தோசைக் கடையில்தான் சந்தித்தோம். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியம்மா, என் முகத்தைத் தடவிப் பார்த்து, "உங்கம்மா மாதிரியே ஆயிட்டேடி" என்றார். அம்மா போய் ஆறு வருஷம். மூன்று மணி நேரம் பேசினோம். கருவாட்டு டப்பாவை மடியிலேயே வைத்திருந்தார், கீழே வைக்கவில்லை.

ஆகவே சகோதரிகளே, பணம் கட்டுமுன் நாலு கேள்வி கேளுங்கள். எது எது கட்டணத்தில் சேர்த்தி, எது தனி? ஓட்டல் ஊருக்குள்ளா, வெளியிலா? ஒரு நாளைக்கு எவ்வளவு நடை? ஓய்வு நாள் நிஜமாகவே நம் கையில்தானா? பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈஃபில் கோபுரத்தையும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஊருக்கு வந்ததும் எல்லோரும் கேட்டது, "பெரியம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான். பதில் சொல்ல எனக்கு ஒன்று இருந்ததே, அது போதும்.