ஒரு வார்த்தைகூட பேசாத படம்!

சித்திரப் படம் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? துரத்தல், அடிதடி, காதைப் பிளக்கும் கூச்சல்! கூச்சல் இருந்தால்தான் குழந்தை கண் கொட்டாமல் பார்க்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு.

1937-ம் ஆண்டில் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி ஒரு குறும்படத்தை வெளியிட்டார். அதன் பெயர் "தி ஓல்ட் மில்". அதாவது, பழைய ஆலை. சுமார் 9 நிமிடப் படம். அதில் யாரும் ஒரு வார்த்தைகூட பேசுவது இல்லை. ஆனாலும், பார்ப்பவர் நெஞ்சு படபடக்கும்!

தாய்ப் பறவை

பாழடைந்த ஒரு காற்றாலை. அங்கே பறவைகள், எலிகள், வௌவால்கள், ஓர் ஆந்தை எல்லாம் குடியிருக்கின்றன. பல்சக்கரத்தில் உள்ள ஒரு குழியில் கூடு கட்டி, ஒரு சிறு பறவை அடைகாக்கிறது.

இரவில் புயல் வருகிறது. சக்கரத்தைப் பிடித்திருந்த பழைய கயிறு அறுந்து போகிறது. சக்கரம் சுழல்கிறது! இன்னொரு சக்கரத்தின் பற்கள் கூட்டை நெருங்குகின்றன. பறவை பறந்து தப்பியிருக்கலாம். ஆனால், அது முட்டைகளை விட்டு அகலவில்லை.

நல்ல வேளை! கூட்டின் மேல் விழ வேண்டிய பல், முன்பே உடைந்து போயிருந்தது. பறவை பிழைத்தது. பொழுது விடிந்தபோது, கூட்டில் குஞ்சுகள்!

எப்படி முடிந்தது?

முதலில் அந்தி வெளிச்சத்தில் எல்லாம் நிதானமாக நகர்கிறது. ஆலையில் யார் யார் இருக்கிறார்கள் என்று நாம் தெரிந்துகொள்கிறோம். பிறகு வெளிச்சம் மங்குகிறது. இருள் சூழ்கிறது. மின்னல் வெட்டுகிறது. பழகிய உயிர்களுக்கு ஆபத்து என்பதால் நமக்கும் பதறுகிறது.

இன்னொரு உத்தியும் உண்டு. கண்ணாடித் தகடுகளில் காட்சிகளைத் தீட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாக இடைவெளி விட்டு அடுக்கினார்கள். மேலே இருந்து காமிரா படம் பிடித்தது. இதனால், ஆலைக்குள் நாமே நடந்து போவது போலத் தோன்றுகிறது. 1937-ம் ஆண்டின் சிறந்த கார்ட்டூன் குறும்படத்துக்கான ஆஸ்கார் பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

பெற்றோர் கவனிக்க

இன்று குழந்தை அழுதால், கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறோம். என்ன படம் ஓடுகிறது என்று பார்ப்பது இல்லை. ஓயாத கூச்சலில் பழகிய குழந்தைக்கு, அடுத்தவர் படும் துன்பத்தைக் கவனிக்க நேரம் ஏது?

ஒரு நாள் மாலை இப்படி ஒரு படத்தைப் போட்டு, குழந்தையின் பக்கத்தில் உட்காருங்கள். புயல் வரும்போது குழந்தை உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளும். "அம்மா, அந்தக் குருவிக்கு ஒன்றும் ஆகாதே?" என்று கேட்கும்.

பிற உயிருக்காகக் கலங்கும் அந்த மனதை, கூச்சல் படம் தராது. நாம்தான் தேடித் தர வேண்டும்.