ஆகாயத்தாமரைக்குத் தீனி போடுவது யார்?

எம்.கே.பி. நகர்வாசிகளுக்குக் கேப்டன் காட்டன் கால்வாய் என்றாலே கொசுவும் ஆகாயத்தாமரையும்தான். தென்அமெரிக்காவில் இருந்து வந்த செடி. தீனி கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரண்டு மடங்காகும்!

தீனி எது? சாக்கடைதான். அரிசியும் காய்கறியும் வயலில் இருந்து கொண்டுவந்த நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்து, அந்தக் காலத்தில் எருவாகி வயலுக்கே திரும்பியது. இப்போது கழிவுநீரோடு கால்வாயில் விழுகிறது.

பொக்லைன் வைத்து வாருகிறார்கள். நல்லதுதான். ஆனால் வாரியதைக் கரையிலேயே போட்டால்? அழுகி, அடுத்த மழைக்கு அத்தனை சத்தும் திரும்பத் தண்ணிக்கே போகுமே! கையோடு லாரியில் ஏற்றி உரமாக்க வேண்டாமா?

சாக்கடை கலப்பதை அடைக்காமல் செடியைத் திட்டி என்ன பிரயோஜனம்? கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையம் கூப்பிடு தூரத்தில்தானே இருக்கிறது!