பனிக்காலமும் கணப்புச் சட்டியும்

மார்கழி, தை மாதங்களில் உதகமண்டலத்துப் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துத் தேயிலைக் கொழுந்து கருகுவதைக் கேள்வியுறும் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக் குடியானவர்கள், அது மலைநாட்டார் கவலை என்று வாளாவிருந்துவிடுகின்றனர். இவ்விரு ஜில்லாக்களிலும் நீர் உறையும் குளிர் வருவதில்லை என்பது மெய்யே. ஆயினும் குளிருக்கு அஞ்சி மனிதர் செய்யும் காரியங்களே பல சமயம் உயிரை வாங்குகின்றன. அவை சமவெளியிலும் நடைபெறுகின்றன.

2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் கோடைக்கானலில், கரியடுப்பு இருந்த அறையில் உறங்கிய திருச்சிராப்பள்ளி வாலிபர் இருவர் பின்னர் எழுந்திருக்கவேயில்லை. போதிய காற்றின்றிக் கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அது இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் தோன்றும். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிட்டாது. புகையடங்கிக் கனிந்த கரியால் தீங்கில்லை என்று பலர் நம்புவது முற்றிலும் பிழை.

முன்னோர் கட்டிலடியில் கணப்புச் சட்டி வைத்து உறங்கவில்லையா எனச் சிலர் வினவுவர். அவர்கள் வசித்தவை கீற்றும் நாட்டு ஓடும் வேய்ந்த வீடுகள்; கூரையிடுக்கெல்லாம் காற்று புகுந்து வெளியேறியது. இன்றோ ஜன்னலை அடைத்த தளவீடுகள். வீடு மாறியபின் வழக்கம் மாறாதிருப்பதே அபாயம். பிள்ளைபெற்ற அறையில் தணல் வைத்துக் கதவைச் சார்த்தும் குடும்பங்கள் இதைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். தாய்க்கும் சிசுவுக்கும் உலர்ந்த துணியும் கம்பளியும் போதும். சிசுவைத் தாயின் மார்போடு அணைத்து வைப்பதற்கு ஈடான கணப்பு வேறில்லை. கோழிக்குஞ்சுக் கொட்டகையில் கரியடுப்பு வைப்போரும் மேற்புறம் காற்றுவழி விடாமல் அங்கே படுத்துறங்கலாகாது. எவரேனும் மயங்கிக் கிடப்பின் முதலில் கதவுகளைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொணர்ந்து, உடனே 108-க்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

மக்காச்சோளக் கொல்லையில் பன்றிக் காவலுக்கு அமர்த்தப்படும் ஆளின் நிலையோ பரிதாபமானது. கூலி பேசும் நிலக்காரர் கம்பளி பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. நனைந்த வேட்டியோடு வாடையில் விடியுமளவும் இருப்பவனுடைய உடற்சூடு வெகு விரைவில் குறையும். முதியவராயின் அபாயம் பின்னும் அதிகம். அவன் தட்டைப் போருக்கருகே தீ மூட்டினால் போரும் எரிகிறது, பழியும் அவன்மேல் விழுகிறது. மழை ஒழுகாத பரணும், மாற்றுத்துணியும், ஒரு கம்பளியும் தருவது நிலக்காரர் கடமையேயன்றித் தருமம் அன்று. ஒரு மூட்டைச் சோளத்தின் விலைக்குள் இவற்றின் பெரும்பகுதி அடங்கிவிடும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது சாலை. எறையூர் ஆலைக்குக் கரும்பு செல்லும் பருவமும் மூடுபனியும் ஒன்றாகவே வருகின்றன. டிராக்டர் பெட்டிக்கு வெளியே நீண்டு தொங்கும் கரும்பு, பின்வருவோன் கண்ணுக்குப் பனியில் தெரிவதேயில்லை. பின்புறம் சிவப்பு விளக்கோ ஒளிரும் பட்டையோ இல்லாத வண்டியைக் களத்திலிருந்தே புறப்படவிடாதபடி, வெட்டு தொடங்குமுன் ஊர்க்கூட்டத்தில் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பழுதுற்ற வண்டியைத் திருச்சி-சென்னைப் பெருஞ்சாலையின் ஓரத்தில் இருளில் நிறுத்திவிட்டு ஆள் தேடிப் போகும் வழக்கமும் அப்போதே கண்டிக்கப்பட வேண்டும்.