பாட்டுப் பிடிக்கிற ஆட்டம்

இந்த வாரம் வேலை ஒன்றும் ஓடவில்லை. பாட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி மகனுக்குப் பரீட்சை லீவு. அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் 'அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃப்ளாக்' என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. யூபிசாஃப்ட் 2013-ல் வெளியிட்டது. 2017 டிசம்பரில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குச் சில நாள் சும்மாவே கொடுத்தார்கள். அப்போது தம்பி எடுத்து வைத்தது. கதை 1715-ல் தொடங்குகிறது. கரீபியன் கடல், எட்வர்ட் கென்வே என்றொரு கொள்ளைக்காரன், ஜாக்டா என்றொரு கப்பல். சண்டை, புதையல், கொலை எல்லாம் தாராளமாக உண்டு. அவையெல்லாம் என் விரலுக்கு வசப்படவில்லை. எனக்கு ஒட்டிக்கொண்டது பாட்டு ஒன்றுதான்.

ஹவானா, கிங்ஸ்டன், நசாவ் என்று போகிற ஊரிலெல்லாம் கூரை மேலோ பரண் மேலோ ஒரு காகிதம் படபடத்துக்கொண்டிருக்கும். வரைபடத்தில் அந்த இடத்தில் ஓர் இசைக்குறி. கிட்டே போனால் போதும், காகிதம் பறந்துவிடும். ஓட்டுக்கூரை, கயிறு, மரக்கிளை என்று அது போகிற வழியெல்லாம் நாமும் தாவ வேண்டும். நான் முதல் கூரையிலேயே நின்று, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரிப்பா, நின்னு வேடிக்கை பாக்காத, தொரத்து. நின்னா போச்சு!"

போனால் ஒன்றும் மோசமில்லை. கோட்டைவிட்ட காகிதம் பழைய இடத்துக்கே வந்து படபடக்கும். பறக்கிற வழியும் மாறாது; தெரிந்துகொண்டால் பிடித்துவிடலாம். கையில் சிக்கியதும் காகிதத்துக்கு வேலை முடிந்தது. பாட்டு மாலுமிகளின் வாய்க்குப் போய்விடுகிறது. அடுத்த தடவை பாய் விரித்துக் கப்பலைச் செலுத்தும்போது ஒருவன் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். பீரங்கிச் சண்டை வந்தால் நிறுத்திவிடுகிறார்கள். முப்பதுக்கு மேற்பட்ட பாட்டுகள். பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாய்மரக் கப்பல்களில் பாடியவை. 1715-ல் பாடியிருக்க வழியில்லை. சரித்திர வாத்தியார் சிவப்பு மையால் சுழிப்பார். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. பாட்டைச் சேர்ப்பவன் அதை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்ற விஷயத்தில், ஆட்டம் செய்தவர்கள் நம் பண்டிதர்களைவிட ஒரு படி சரியாக யோசித்திருக்கிறார்கள்.

நம்மிடமும் பாட்டுப் பிடித்தவர்கள் உண்டு. மு. அருணாசலம் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்து 1943-ல் போட்ட புத்தகத்துக்குப் பெயரே 'காற்றிலே மிதந்த கவிதை'. இந்த ஆட்டத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் பெயர் வைத்தாரோ என்னவோ! பெர்சி மெக்வீன் என்ற ஆங்கிலேய ஐ.சி.எஸ். அதிகாரி சேர்த்து வைத்திருந்த பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 'மலையருவி' என்ற பெயரில் 1958-ல் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் வெளியிட்டது. இங்கிலாந்தில் செசில் ஷார்ப் 1914-ல் வாட்செட் என்ற சின்னத் துறைமுக ஊருக்குப் போய், ஜான் ஷார்ட் என்ற பழைய மாலுமியைப் பாடச் சொல்லி எழுதிக்கொண்டார். இவர்கள் அலைந்திருக்காவிட்டால் ஒன்றும் மிஞ்சியிருக்காது, வாஸ்தவம். ஆனால் புத்தகத்தில் இருப்பது காகிதம் மட்டும். அது மாலுமியின் வாய்க்குத் திரும்பிப் போகவில்லை.

வலை இழுக்கிற பாட்டுக்கு நம் கடற்கரையில் அம்பா என்று பெயர். ஈழத்துக் கரையிலும் அதே பெயர்தான். பெரியவலையைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துப் போட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று ஏராளமான பேர் இழுப்பார்கள். ஒருவர் ஒரு அடி சொல்வார். மற்றவர்கள் ஏலேலோ என்றோ ஐலசா என்றோ கொடுப்பார்கள். கயிறு நகர்வது அந்தக் கொடுக்கிற இடத்தில்தான். அச்சில் பாருங்கள், பதிப்பாசிரியர் அந்த ஐலசாவை முதல் இரண்டு அடிக்கு மட்டும் போட்டுவிட்டு மீதியை 'திரும்பத் திரும்ப வருவது' என்று வெட்டியிருப்பார். வார்த்தையை வைத்துக்கொண்டு இழுவையை எறிந்துவிட்டார்.

கப்பல் பாட்டிலும் இதே கணக்கு. பாய் ஏற்றும் பாட்டில் குறிப்பிட்ட சொல் விழும்போது எல்லாரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நங்கூரம் தூக்கச் சுற்றிச் சுற்றி நடக்கிற பாட்டு வேறு. அதில் வெட்டு இருக்காது, நடை இருக்கும். நீராவி இயந்திரம் வந்ததும் இரண்டுமே வேலையில்லாமல் போயின. ஸ்டான் ஹியூகில் என்பவர் 'கார்த்பூல்' என்ற கடைசிக் காலத்து பிரிட்டிஷ் பாய்மரக் கப்பலில் வேலை பார்த்துப் பாடியவர். அந்தக் கப்பல் 1929-ல் உடைந்தது. 1961-ல் அவர் எழுதிய பெரிய புத்தகத்தில் எந்தப் பாட்டு எந்த வேலைக்கு என்று சொல்லியிருக்கிறார். இழுத்த கை எழுதினால் அந்த வித்தியாசம் தெரிகிறது.

எங்கள் மணலி புதுநகரிலிருந்து எண்ணூர்க் குப்பங்கள் தூரமில்லை. பையனை வண்டியில் வைத்துக்கொண்டு நெட்டுக்குப்பம் பக்கம் போனேன். ஃபைபர் போட்டின் நிழலில் வலைக்கண் கோத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், அம்பா ஒன்று பாடுங்க என்று கேட்டேன். ஊசியை நிறுத்தாமலே அவர் திருப்பிக் கேட்டார்:

"எதப் பாடறது நைனா? வலை தூரத்துல கீதா, மடி தெரியுதா?"

மடி என்றால் வலையின் பை, மீன் சேர்கிற இடம். அது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் இழுவை வேகம் பிடிக்கும், பாட்டும் மாறிவிடும். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தம்பி மகன்தான், "மடி தெரியுது தாத்தா" என்றான். அவர் பாடினார். வேகமாக, நாலே அடி. பையன் போனில் பிடிக்க மறந்துவிட்டான். நான் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

புதுநகரை ஒரு ஆட்டமாகச் செய்தால் இசைக்குறிகளை எங்கே போடுவார்கள் என்று திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். அய்யா வைகுண்டர் தர்மபதியில் ஒன்று நிச்சயம். தெற்குச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த உச்சிப்படிப்பு என்ற வழிபாட்டுப் பாட்டு, உச்சி வேளையில் மட்டும் கிடைக்கும். ஆடி மாசத்துக் கூழ் ஊற்றும் தெருவில் எல்.ஆர். ஈஸ்வரி; அதைத் துரத்த வேண்டாம், அதுவே நம்மைத் துரத்தும். குப்பை வண்டிப் பாட்டுக்கு ஒன்று என்றான் பையன். கழிமுகத்து ஓரத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரிகிற இடத்தில் 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடியது, 2017-ல் வந்தது. அந்த இடத்தில் நின்று கேட்டால்தான் அந்தப் பாட்டின் கோபம் புரியும்.

மரண கானாவுக்குத்தான் குறி போட முடியவில்லை. சாவு விழுந்த வீட்டில், பந்தலுக்குக் கீழே, ராத்திரியில் பாடுவது. பாடுகிறவர் முதலில் செத்தவர் பேரைக் கேட்டுக்கொள்வார். பெண்டாட்டி, பிள்ளை, பேரன் பேரெல்லாம் கேட்டுக்கொள்வார். அந்தப் பேர்களெல்லாம் பாட்டுக்குள்ளே வந்துவிடும். யூடியூபில் இப்போது நூற்றுக்கணக்கில் கிடக்கிறது, நானும் கேட்கிறேன். ஆனால் அடுத்த வீட்டுச் சாவுக்கு அந்தப் பேர்களோடு அதை எடுத்துப் பாட முடியுமா? மெட்டு போகும், பாட்டு போகாது.

ஆட்டத்தில் பையன் இப்போது எல்லாப் பாட்டையும் பிடித்துவிட்டான். அதில் 'லீவ் ஹெர் ஜானி' என்று ஒன்று. பயணம் முடிகிற சமயத்தில், கேப்டனையும் சோற்றையும் கப்பலையும் மாலுமிகள் பாட்டாகவே திட்டித் தீர்ப்பது. பாட்டில் வந்தால் தண்டனை கிடையாது என்பது வழக்கம். நமக்குப் பயணம் தொடங்கிய உடனேயே அதைப் பாடுகிறார்கள். கேப்டன் நான்தான். பிடிக்காவிட்டால் ஒரு பட்டனைத் தட்டினால் அடுத்த பாட்டு, இன்னொன்றைத் தட்டினால் எல்லாரும் கப்சிப். நிஜக் கப்பலின் கேப்டனுக்கு அந்தப் பட்டன் கிடையாது. பாட்டை நிறுத்தினால் பாய் ஏறாது.