உலைக்கு முன்னால் ஒரு கண்ணாடி

பாட்டில் செய்கிறவர்களின் கண்ணைக் கண்ணாடி உலையே கெடுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. உருகிய கண்ணாடியைப் பல வருஷம் பார்த்தபடியே வேலை செய்த பிரிட்டன் தொழிலாளர்களுக்குக் கண்புரை சீக்கிரமே வந்துவிடும். ராயல் சொசைட்டி இதை ஆராயக் குழு அமைத்தது. அதில் இருந்தவர் வில்லியம் குரூக்ஸ். 1861-ல் தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தவர். (ஆவிகளோடு பேசும் கூட்டங்களுக்கும் போய்வந்தவர். அது தனிக் கதை!)

எண்பது வயதை நெருங்கும்போது அவர் இந்த வேலையில் இறங்கினார். கண்ணாடிக் கலவையில் ஏதாவது ஓர் உலோகத்தைச் சேர்த்து உருக்க வேண்டும். தகடாக அறுத்து மெருகேற்ற வேண்டும். எந்த ஒளி எவ்வளவு கடந்து வருகிறது என்று அளக்க வேண்டும். பிறகு அடுத்த கலவை. இப்படி 300-க்கும் மேல்!

வெறுமனே ‘வெளிச்சம் குறைகிறதா’ என்று பார்த்தால் போதாதா? போதாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தாராளமாக விடும் கண்ணாடி, தெரியாத புற ஊதாவைத் தடுக்கலாம். வெப்பம் சுமந்து வரும் அகச்சிவப்பை விட்டுவிடலாம். அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து அளந்தால்தான் குட்டு வெளிப்படும். அளக்கும் கருவியிலும் ஒரு சிக்கல். சாதாரணக் கண்ணாடி, குறுகிய அலைநீளப் புற ஊதாவைத் தானே விழுங்கிவிடும். அதனால் முப்பட்டகத்தையும் லென்ஸையும் குவார்ட்ஸில்தான் செய்ய வேண்டும்.

1913-ல் குரூக்ஸ் முடிவுகளைச் சொன்னார். சீரியம் சேர்த்தால் புற ஊதா நிற்கிறது. நிறமும் அதிகம் ஏறுவதில்லை. இரும்பு வெப்பத்தைப் பிடிக்கிறது, ஆனால் பச்சையடிக்கிறது. எல்லாவற்றையும் தடுத்துவிட்டு, நிறமில்லாமலும் இருக்கிற ஒரே கண்ணாடி அவருக்கு அகப்படவில்லை. உலைக் கண்புரைக்கு இன்று முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்படுவது அகச்சிவப்பு. ஆகவே அந்தப் பச்சைக் கண்ணாடியைக் குறைத்து மதிப்பிட முடியாது.

அவர் வருஷக்கணக்கில் செய்ததை இன்று ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் சில நிமிடங்களில் செய்துவிடுகிறது. ஆனாலும் கூலிங் கிளாஸ் வாங்கும்போது பலரும் கருப்பைத்தான் பார்க்கிறார்கள். கருப்பு நிறம், தெரிகிற ஒளி எவ்வளவு குறையும் என்பதை மட்டுமே சொல்லும். இருட்டில் கண்மணி விரியும். லென்ஸ் புற ஊதாவைத் தடுக்காவிட்டால், கண்ணாடி போடாததைவிட அதிகமாகக்கூட அது உள்ளே போகலாம். ‘யுவி 400’ என்றால் 400 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாவைத் தடுக்கும் என்று பொருள். நிறமே இல்லாத பாலிகார்பனேட் லென்ஸ் அதை ஏறக்குறைய முழுதாகச் செய்துவிடும். ஸ்டிக்கரை நம்ப மனமில்லையா? புற ஊதாவை அளக்கும் சின்னக் கருவி பல கண்ணாடிக் கடைகளில் இருக்கிறது. கூலிங் கிளாஸைக் கொடுத்தால் அங்கேயே அளந்து சொல்லிவிடுவார்கள்.