வேகமா அடிச்சாத்தான் டெத் மெட்டலா?

டெத் மெட்டல் கேட்கிற கூட்டத்துக்கு ஒரு வியாதி உண்டு. எந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி, "டிரம்மர் எவ்ளோ ஸ்பீடு?" ஏதோ நூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஆள் எடுப்பது மாதிரி! இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஆட்டாப்ஸியின் 'மென்டல் ஃபியூனரல்' (1991) ஆல்பத்தை "வாசிக்கத் தெரியாதவங்க போட்டது" என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

வாசிக்கத் தெரியாதவர்களா? ஆட்டாப்ஸியில் டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடும் கிறிஸ் ரைஃபர்ட் யார் தெரியுமோ? 'டெத்' குழுவின் முதல் ஆல்பமான 'ஸ்க்ரீம் ப்ளடி கோர்' (1987) இருக்கிறதே, அதன் டிரம்மர். இந்த இசைவகைக்கே அஸ்திவாரம் போட்ட ஆல்பங்களில் ஒன்று அது. சக் ஷுல்டினர் ஃப்ளோரிடாவுக்குத் திரும்பிப்போக, கலிஃபோர்னியாவிலேயே தங்கிவிட்ட ரைஃபர்ட் அதே 1987ல் ஆரம்பித்ததுதான் ஆட்டாப்ஸி. வேகத்தை ஏற்கெனவே அடித்துக் காட்டிவிட்டு வந்த மனுஷன் அவர். மெதுவாக வாசித்தது முடியாமல் அல்ல, வேண்டுமென்றே.

அந்த 1991ல்தான் டெத்தின் 'ஹியூமன்', சஃபோகேஷனின் 'எஃபிஜி ஆஃப் த ஃபர்காட்டன்' இரண்டும் வந்தன. இரண்டுமே ஃப்ளோரிடாவின் மாரிசவுண்ட் ஸ்டுடியோவில் ஸ்காட் பர்ன்ஸ் கைவண்ணம். சுத்தம், துல்லியம், வேகம். இரண்டும் அருமையான ஆல்பங்கள், எனக்கு அவற்றோடு சண்டை இல்லை. "இனிமேல் டெத் மெட்டல் என்றால் இது மட்டும்தான்" என்று முடிவு கட்டியவர்களோடுதான் சண்டை.

பஸ் சீரான வேகத்தில் போகும்போது நமக்கு ஒன்றுமே தெரியாது. டிரைவர் பிரேக்கை அழுத்தும்போதுதான் உடம்பு முன்னால் போய் விழுகிறது. ஆட்டாப்ஸி செய்வது அதைத்தான். தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று சேற்றில் கால் வைத்த மாதிரி இறங்கும். பிளாக் சாபத் காட்டிய டூம் வழி அது. கிடார் சத்தம் இழுத்து இழுத்து மூச்சு வாங்கும். எரிக் கட்லரும் டேனி கொராலஸும் வாசிக்கிற சோலோக்கள் அழகு காட்டுவதில்லை, அலறுகின்றன. மரணத்தைப் பற்றிய இசை இப்படி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

அடுத்து பன்க். 'போன்சா' ஒரு நிமிடம்கூட ஓடாது. 'ஹோல் இன் த ஹெட்' ஆறு நிமிடம். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் நிறுத்து, மெருகு போடாதே, தப்பும் தவறுமாய் இருந்தாலும் உயிரோடு இரு - இது பன்க் சொல்லிக்கொடுத்த பாடம். ஆல்பத்தை வெளியிட்ட இங்கிலாந்தின் பீஸ்வில் நிறுவனமே அரசு எதிர்ப்பு பன்க் கேசட்டுகளில் வளர்ந்ததுதான். டூம் மெட்டலை வளர்த்த பாரடைஸ் லாஸ்ட், மை டையிங் பிரைட் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். இந்தக் கலவை தற்செயல் இல்லை சாமி.

பாடல் வரிகளுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. மலிவான திகில் படத்து ரத்தக்களறிதான், பல இடங்களில் அருவருப்பு. ஆனால் அதைக் குறை சொல்கிறவர்கள், பாதிக்கு மேற்பட்ட டெத் மெட்டலையே தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

பி.காம் படிப்பவனாக ஒன்று சொல்கிறேன். ஒரு கம்பெனி தானாகச் சம்பாதித்த நற்பெயரை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்ட முடியாது. சரியாக அளக்க முடியாது என்பதால் விட்டுவிடுகிறோம். அதற்காக அது இல்லை என்று ஆகிவிடுமா? நிமிடத்துக்கு இத்தனை அடி என்று எண்ணிவிடலாம். வயிற்றைப் பிசையும் அந்தக் கனத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? :-)

எண்ண முடிந்ததை மட்டுமே மதிக்கப் பழகிவிட்டால், காது எதற்கு? கால்குலேட்டர் போதுமே.